பெற்ற கொடையும் கொடுக்க வேண்டிய கணக்கும்

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையும் நம் கண்முன் வருவது இயல்பே. ஆயினும் யூபிலி என்னும் சொல் திருவிழாப் பந்தலில் பிறந்ததன்று, விவிலியத்தில் பிறந்தது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் இறைவன் ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாக்குகிறார். அவ்வாண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இதற்கு இறைவன் கூறும் காரணம் ஒன்றே. நிலம் அவருடையது, மனிதர் அவரிடத்தில் தங்கியிருக்கும் குடிகளே.

அதே பழைய ஏற்பாட்டில் உபாகமம் 26ஆம் அதிகாரம் மற்றொரு காட்சியைத் தருகிறது. அறுவடையின் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆண்டவர் திருமுன் கொண்டுவருபவன், கூடையை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட முடியாது. தன் முன்னோர் யார், எங்கே அலைந்தனர், எத்துன்பத்தினின்று மீட்கப்பட்டனர், இந்நிலம் எவ்வாறு கிடைத்தது என்ற வரலாற்றை அங்கே நின்று அறிக்கையிட வேண்டும். பின்னர் தன் நிறைவை லேவியரோடும் அந்நியரோடும் பகிர்ந்து மகிழ வேண்டும்.

எனவே, நன்றிக் காணிக்கையும் வரலாறும் பிரிக்க முடியாதவை. எங்கிருந்து பெற்றோம் என்பதை மறந்தவன் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுவான். இந்த யூபிலி மலரில் காரைக்கால் திருச்சபையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க நாம் முனைவது இதற்காகவே. வெறும் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. நம் முன்னோர் பெற்ற கொடைகளை எவ்வாறு கையாண்டனர், எங்கே தவறினர், இன்று நம் கையில் இருப்பதற்கு நாம் என்ன கணக்குச் சொல்லப் போகிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கடைமடை கற்பித்த பாடம்

பொறுப்பு என்பதைக் காரைக்கால் மக்களுக்குப் பிறர் வந்து விளக்க வேண்டியதில்லை. நமக்கு அதைக் காவிரியே கற்பித்திருக்கிறது. குடகு மலையில் பிறக்கும் காவிரி, மேட்டூரையும் கல்லணையையும் கடந்து, எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து, அரசலாறாகவும் திருமலைராஜனாறாகவும் நாட்டாறாகவும் வாஞ்சியாறாகவும் நம் வயல்களுக்கு வந்து சேர்கிறது. நம் ஊருக்கு அப்பால் கடல்தான். நாம் கடைமடைக்காரர்கள்.

கடைமடை உழவனின் மனநிலையை நம்மில் நிலமுள்ளோர் அனைவரும் அறிவர். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தார்கள் என்ற செய்தி வந்ததும் மகிழ்கிறோம். ஆயினும் தண்ணீர் நம் மதகைத் தொடும் வரை நம்பிக்கை கொள்வதில்லை. மேல்மடைக்காரர் தம் வயல் நிறைந்த பின்னும் மடையை அடைக்காமல் விட்டால் நம் நாற்றங்கால் காயும். காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு தன் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது நம் காரைக்காலுக்கு, ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதே அளவை உறுதி செய்தது. தீர்ப்பில் எண் இருக்கிறது. அந்நீர் வயலுக்கு வருவதற்கோ, மேலே உள்ளவர்கள் கீழே உள்ளவர்களை நினைக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வருமுன் அதைத் தூர்வார வேண்டும். அக்காலத்தில் குடிமராமத்து என்ற வழக்கத்தின்படி பாசனம் பெறுவோர் ஆளுக்குக் கொஞ்சம் உழைப்பைத் தந்து வாய்க்காலை வெட்டிச் செம்மைப்படுத்தினர். மழையையும் ஆற்றையும் மனிதன் உண்டாக்கவில்லை. அவை இறைவனின் கொடை. வாய்க்காலைக் காப்பது மட்டுமே மனிதனின் கடமை. இறைவனின் தாராளத்துக்கு மனிதன் தரும் பொறுப்பான பதில் என்று மறையுரைகளில் நாம் கேட்பதன் முழுப் பொருளும் இவ்வழக்கத்தில் அடங்கியிருக்கிறது. கொடை நம்மிடம் வந்து நின்றுவிடக் கூடாது. அடுத்த மடைக்குப் போக வேண்டும்.

விசுவாசத்திலும் நாம் யாருக்கோ கடைமடை; வேறு யாருக்கோ மேல்மடை. இதை மனத்திற்கொண்டு நம் வரலாற்றைப் பார்ப்போம்.

விசுவாசம் வந்த வழி

தஞ்சை மராத்திய மன்னர் சாகுஜியோடு செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, புதுச்சேரி ஆளுநர் தூய்மாவின் காலத்தில், 1739ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரெஞ்சுக் கம்பெனியார் காரைக்காலைக் கைக்கொண்டனர். வணிகத்துக்காக வந்த அக்கம்பெனிக்கு அரிசியும் துணியும் துறையுமே முதன்மையாய் இருந்தன. ஆயினும் அவர்களுடைய கொடியின் நிழலில் இயேசு சபைக் குருக்கள் இப்பகுதியில் மறைப்பணி ஆற்றும் வாய்ப்பைப் பெற்றனர். வடக்கே தரங்கம்பாடியில் 1706 முதல் லுத்தரன் மிஷன் பணியாற்றி வந்தது. தெற்கே நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர் கையினின்று 1658இல் டச்சுக்காரர் வசமாகியிருந்தது. அதற்கும் அப்பால் வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலம் எளிய மக்களின் புகலிடமாய் விளங்கியது. இத்தகைய சூழலில்தான் காரைக்கால் கத்தோலிக்க சமூகம் வேரூன்றியது. காரைக்கால் நகரின் தூய தேற்றரவு அன்னை ஆலயம் இன்றும் இவ்வட்டாரத்தின் தாய்க்கோவிலாக நம் கண்முன் நிற்கிறது.

அவ்விளம் சமூகம் அமைதியாக வளரவில்லை. 1760இல் ஆங்கிலேயப் படை காரைக்காலைப் பிடித்தது. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. அதன் பின்னும் போர்கள் மூள ஊர் மீண்டும் கைமாறியது. இறுதியாக 1817இல்தான் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சிக்கு நிலையாகத் திரும்பியது.

இதனிடையே திருச்சபைக்குள்ளேயே பெரிய சோதனை ஒன்று வந்தது. 1773இல் பாப்பரசர் 14ஆம் கிளமென்ட் இயேசு சபையைக் கலைத்தார். மேய்ப்பரை இழக்கும் நிலை மந்தைக்கு வந்தது. 1776இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார் இம்மிஷனின் பொறுப்பை ஏற்றனர். ஆயர் பிரிகோ அவர்களுக்குத் தலைமை தாங்கினார். தம் சபையை இழந்த பழைய குருக்கள் பலர் கசப்போடு விலகிச் செல்லவில்லை. புதிதாக வந்தவர்களோடு இருந்து மக்களுக்குப் பணி செய்தனர். தாம் வெட்டிய வாய்க்காலைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அதே வாய்க்காலில் கூலியாளாக உழைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? இப்பணி தமக்குச் சொந்தமானதன்று, ஒப்படைக்கப்பட்டது என்று உணர்ந்தவர்க்கே அது கூடும்.

அம்மிஷன் 1836இல் அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆயிற்று. 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோதும் காரைக்கால் புதுச்சேரியோடு நிலைத்தது. 1955இல் அம்புரோஸ் ராயப்பர் ஆண்டகை இவ்வுயர்மறைமாவட்டத்தின் முதல் இந்தியப் பேராயரானார். 1954 நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்தியாவோடு இணைந்ததற்கு அடுத்த ஆண்டே இது நிகழ்ந்தது பொருத்தமே. கடல் கடந்து வந்தோர் நட்டு வளர்த்தது இம்மண்ணின் மைந்தர் கைக்கு வந்தது. கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். பொறுப்பு நம்முடையதாயிற்று.

சம்பா கோவில் சுவர்

நன்றியோடு நினைக்க வேண்டியவற்றைச் சொன்னோம். நாணத்தோடு நினைக்க வேண்டியவையும் உண்டு. அவற்றை மறைத்து எழுதப்படும் மலர் வெறும் விளம்பரமாகிவிடும்.

புதுச்சேரியில் செயின்ட் பால் என்னும் பெயர் தமிழர் நாவில் சம்பா கோவில் என்று வழங்கியது. அக்கோவிலினுள் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும், சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் மறுபக்கமுமாக இருந்து பூசை கண்டனர். 1745ஆம் ஆண்டு அச்சுவரைப் பற்றிய வழக்கு எழுந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் சென்று, ஒரே ஆண்டவரின் மக்களாகிய தங்களை ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்று முறையிட்டனர். அதற்குத் தூண்டுதலாய் இருந்தவர் காரைக்கால் கோவில் குரு என்பதும் அந்நாட்குறிப்பில் காணும் செய்தி. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்தனர். வழக்கு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் வரை சென்றது.

கற்சுவர் விழுந்தது, மனச்சுவர் விழவில்லை. நம் நாட்டின் பல கோவில்களில் தனி இடமும் தனி வாசலும் தனிக் கல்லறையும் அதன்பின் நெடுங்காலம் நீடித்தன. இந்திய ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஏட்டை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1745க்கும் 2016க்கும் இடையே 271 ஆண்டுகள்!

இதை ஏன் பொறுப்பு பற்றிய கட்டுரையில் சொல்கிறோம்? ஞானஸ்நானம் நாம் விலை கொடுத்து வாங்கியதன்று; இனாமாகப் பெற்றது. இனாமாகப் பெற்ற ஒன்றை, பெறத் தகுதியுள்ளவர் இவர், இல்லாதவர் அவர் என்று பங்கு போடுகிறவன் மடையை அடைக்கும் மேல்மடைக்காரனே. நம் ஊரிலிருந்து சென்ற ஒரு குரு புதுச்சேரியில் இருந்த சுவரைக் கண்டு பொறுக்க மாட்டாதவராயிருந்தார் என்பது நமக்குப் பெருமை. அப்பெருமையைப் பேச நமக்கு உரிமை வேண்டுமாயின், நம் பங்கிலும் கல்லறையிலும் தேர் செல்லும் தெருவிலும் அத்தகைய சுவர் எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது.

கப்பலேறியவர்கள்

1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான கைகள் வேண்டியிருந்தன. அவர்கள் கண்ணில் பட்டவை பஞ்சமும் வரியும் வாட்டிய தமிழகக் கிராமங்கள். ரேயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றியனுப்பிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. 1853 மே மாதத்தில் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதல் இந்தியக் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. 1854 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாளில் அதே பெயருடைய கப்பல் குவாதலூப்பை அடைந்தது. கூலிகளின் துயரங்களைக் கண்ட பிரித்தானிய அரசு 1882இல் ரேயூனியனுக்கும் 1888இல் கரீபியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை இவ்வணிகம் நடந்தது.

சென்றவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் இன்று அத்தீவுகளில் கத்தோலிக்கர். அவர்தம் குடும்பப் பெயர்களில் தமிழ் இன்னும் ஒலிக்கிறது. நம் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்கும்போது, இதே கரையில் எத்தனை தாய்மார் கண்ணீரோடு நின்றிருப்பர் என்று எண்ணிப் பார்ப்பது நன்று. இறைவனின் கொடைகளில் மேலானது மனிதன். அவனையே சரக்காக எண்ணித் தலைக்கு இவ்வளவு என்று தரகு பெற்றவர்களும் இத்துறையில் இருந்தார்கள். செல்வம் சேர்ந்த எல்லா வழியும் இறைவன் திறந்த வழியாகிவிடாது. காணிக்கைத் தட்டில் விழும் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கணக்கின் ஒரு பகுதியே.

கல்வி என்னும் தாலந்து

அதே நூற்றாண்டு மற்றொரு முகத்தையும் காட்டியது. 1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்தனர். அந்நூற்றாண்டிலேயே காரைக்காலிலும் அவர்கள் பணி தொடங்கிற்று. 1844இல் ஆயர் பொன்னான் ஆண்டகை கூட்டிய புதுச்சேரி சினோது, பள்ளிகள் அமைப்பதையும் சுதேசிக் குருக்களை உருவாக்குவதையும் பெண் கல்வியையும் முக்கியப் பணிகளாக எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் வண. லூயி சவினியேன் துய்ப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று இன்று வழங்குவது அதுவே. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே எழுந்த சபை அது.

துய்ப்புயி அடிகளார் 1840இல் புதுச்சேரியில் மிஷன் அச்சகத்தையும் நிறுவியவர். அவரும் வண. முசே அடிகளாரும் உழைத்து உருவாக்கிய தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் நம் மொழியை ஒரு தாலந்தாக எண்ணிப் பெருக்கினார். நாம் இன்று நம் பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் சொல்லித் தருகிறோமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

தாலந்து உவமையில் தண்டனை பெற்றவன் திருடனும் அல்லன், ஊதாரியும் அல்லன். வாங்கியதைப் பத்திரமாகப் புதைத்து வைத்தவன். தன் பங்குக்கு எந்த நஷ்டமும் வரவில்லை என்று நிம்மதியாயிருந்தவன். நம்மில் பலருக்கு அவனே நெருங்கிய உறவினன் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. பள்ளியில் படித்து முன்னேறிய நாம், அடுத்த தெருவில் கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை நிறுத்திய பிள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லையென்றால், நமக்குக் கிடைத்த கல்வி மண்ணில் புதைத்த தாலந்துதான்.

சைகோன் காசும் பிடியரிசியும்

பிரெஞ்சுக்காரர் சைகோனைக் கைக்கொண்ட பின், 1860களிலிருந்து, புதுச்சேரித் தமிழரும் காரைக்கால் தமிழரும் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வரி வசூலிப்போராகவும் அங்கே சென்றனர். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தை ஏற்றோரும் அவர்களில் இருந்தனர். கிறிஸ்தவர் பலர் இவ்வழியை நாடினர். பின்னாளில் பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் உழைத்து ஓய்வூதியம் பெற்றுத் திரும்பியவர்களை நம் பெரியவர்கள் நன்கு அறிவர். கடல் கடந்து சம்பாதித்தவர்கள் ஊர்க்கோவிலை மறக்கவில்லை. இன்றும் பிரான்சில் வாழும் நம் உறவினர் திருவிழாவென்றால் தம் காணிக்கையை அனுப்பிவைக்கின்றனர். அவர்களுக்கு நம் நன்றி உரியது.

ஆனால் பெருங்கொடையாளரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. பிடியரிசி எடுத்த தாயின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. அக்காலத்தில் நம் வீடுகளில் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அது கோவிலுக்கோ ஏழைகளுக்கோ உரியது. மிச்சமானதை எடுத்து வைத்ததன்று. சமைக்கும் முன்பே, பசி தீருமுன்பே, எடுத்து வைத்தது. தைமாதம் புதிர் நெல்லைக் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கச் செய்ததும் அவ்வாறே. முதலில் இறைவனுக்கும் ஏழைக்கும், பிறகே நமக்கு என்னும் வரிசையை அத்தாய்மார் எந்த நூலையும் படியாமலே அறிந்திருந்தனர். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரு காசுகள் போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் சீடருக்குச் சுட்டிக்காட்டியது இதனால் அல்லவா?

நம் ஊரின் பெயரைத் தம் பெயராகவே கொண்ட காரைக்கால் அம்மையாரின் கதையும் பெரியபுராணம் வழியாக நாம் அறிந்ததே. கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றை, பசித்து வந்த சிவனடியாருக்கு அம்மையார் படைத்தார். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் நம் அயலார் மாங்கனித் திருவிழா கொண்டாடுகையில், பசித்தவனுக்குக் கொடுப்பது இம்மண்ணின் பண்பு என்பதை நாமும் நினைவுகூர்கிறோம். 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று போதித்தது அல்லவா!

ஆழிப்பேரலை கற்பித்தது

2004ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி உள்ளிட்ட மீனவக் கிராமங்கள் சிதைந்தன. மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர் பலரும் அன்று உயிரிழந்தனர். கோவில்களும் பள்ளிகளும் மசூதிகளும் திருமண மண்டபங்களும் வீடிழந்தோர்க்குத் தஞ்சமாயின. எந்தச் சமயத்தவர் என்று கேட்டு யாரும் சோறு போடவில்லை.

பின்னர் உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. அக்குவியலே மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. தமிழகக் கடற்கரையின் பல இடங்களில், இழந்த படகுகளைவிட அதிகமான படகுகள் வழங்கப்பட்டன. கடலில் மீன் பெருகவில்லை. வலை மட்டும் பெருகியது. கூலிக்குக் கடலுக்குச் சென்றவர்களும், மீன் விற்றுப் பிழைத்த கைம்பெண்களும் பல பட்டியல்களில் விடுபட்டனர். கொடுத்தோர் மனம் நல்ல மனமே. ஆனால் கேட்டு, விசாரித்து, அளந்து கொடுக்கும் பொறுமை போதவில்லை. தாராளம் வேறு, பொறுப்புள்ள தாராளம் வேறு. வெள்ளமும் தண்ணீர்தான், அதனால் பயிர் விளைவதில்லை.

திருச்சபைச் சட்டம் கேட்கும் கணக்கு

காணிக்கை கொடுப்பது மட்டும் பொறுப்பு ஆகாது. வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாக வரையறுக்கிறது. விசுவாசிகள் திருச்சபையின் தேவைகளுக்கு உதவவும், தம் வருவாயிலிருந்து ஏழைகளைத் தாங்கவும் கடமைப்பட்டவர்கள் என்கிறது 222ஆம் சட்டம். ஒவ்வொரு பங்கிலும் பொருளாதாரக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 537ஆம் சட்டம். ஒரு நோக்கத்துக்கென்று கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1267ஆம் சட்டம். திருச்சபைச் சொத்தை நிர்வகிப்போர் நல்ல குடும்பத் தலைவனைப் போல் அக்கறையோடு இருக்க வேண்டும் என்பது 1284. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287. ஓராண்டுக்குள் நிறைவேற்ற முடியாத அளவுக்குப் பூசைக் கருத்துகளை ஒரு குரு ஏற்கக் கூடாது என்று 953ஆம் சட்டம் குருக்களையும் கட்டுப்படுத்துகிறது.

இச்சட்டங்களைப் படிக்கும்போது ஒன்று விளங்கும். கணக்குக் கேட்பது குருவை அவமதிப்பதன்று. கணக்குக் காட்டுவது மக்களுக்கு அஞ்சுவதன்று. இருவரும் ஒரே வீட்டின் பொறுப்பாளர்கள். வீடு ஆண்டவருடையது.

பூமி என்னும் வீட்டையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், நிலமும் நீரும் நமக்குமுன் வாழ்ந்தோரிடமிருந்து வந்து நமக்குப்பின் வருவோருக்குச் சேர வேண்டியவை என்று நினைவூட்டியது. 2019இல் ‘நம் நீர்’ என்னும் திட்டத்தில் காரைக்கால் மாவட்டக் குளங்கள் தூர்வாரப்பட்டதை நாமனைவரும் கண்டோம். பழைய குடிமராமத்து மீண்டும் உயிர்பெறக்கூடும் என்பதற்கு அது சான்று. தூர்வாரிய குளத்தில் மறுபடியும் பிளாஸ்டிக் குப்பை மிதந்தால் குற்றம் அரசினுடையது மட்டுமா?

நாம் கொடுக்கப்போகும் கணக்கு

இம்மலரைத் தயாரிக்க நாங்கள் கூடியிருந்தபோது ஒரு மாலையில் விவாதம் எழுந்தது. விழாச் செலவுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கையில், மூத்த பெரியவர் ஒருவர் அமைதியாக, “இந்தப் பட்டியலிலே ஏழை எந்த வரியிலே இருக்கான் தம்பி?” என்று கேட்டார். பட்டியலில் மின்விளக்கு இருந்தது, வாணவேடிக்கை இருந்தது, மேளம் இருந்தது, விருந்து இருந்தது. அவர் கேட்ட வரி இல்லை. நாங்கள் தலைகுனிந்தோம். அதன்பின் அப்பட்டியல் திருத்தப்பட்டது. அக்கேள்வியைப் பங்கு மக்கள் அனைவருக்கும் முன்வைக்கவே இக்கட்டுரையை எழுதினோம்.

விழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உபாகமமும் முதற்பலனைக் கொடுத்தவன் மகிழ்ந்து கொண்டாட வேண்டும் என்றே கட்டளையிடுகிறது. ஆனால் அக்கொண்டாட்டத்தில் அந்நியனுக்கும் இடமிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே மூன்று காரியங்களை நாம் பணிவுடன் வேண்டுகிறோம். யூபிலி வரவு செலவு முழுவதும் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் கோவிலில் படிக்கப்படட்டும். வசூலான தொகையில் ஒரு பங்கு, செலவு போக மிஞ்சியதிலிருந்து அன்று, முதலிலேயே எடுத்து, சமயமும் சாதியும் பாராமல் நம் தெருக்களின் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கப்படட்டும். பிடியரிசிக் கலயம் மீண்டும் நம் அடுப்படிக்குத் திரும்பட்டும். அரிசியாக வேண்டாம் என்போர் நாளுக்கு ஒரு ரூபாயாக வைக்கட்டும். தொகை பெரிதன்று, வழக்கம் பெரிது. சமைக்கும் தாயைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

நம் முன்னோர் நமக்கு மேல்மடையாய் இருந்தனர். தம் குறைகளோடும் குற்றங்களோடும், போரிலும் பஞ்சத்திலும், விசுவாசம் என்னும் நீரை நம் வயல் வரை கொண்டுவந்து சேர்த்தனர். நமக்குக் கீழே இன்னும் பிறவாத தலைமுறை காத்திருக்கிறது. அடுத்த யூபிலியில் மலர் எழுத அமரும் நம் பேரப்பிள்ளைகள், இவர்கள் காலத்தில் மடை திறந்திருந்தது என்று எழுத வேண்டும்.

எல்லாக் கொடைகளுக்கும் ஊற்றாகிய இறைவன், பெற்றதை நன்றியோடு நினைக்கவும், தவறியதை நாணத்தோடு ஏற்கவும், இருப்பதை அஞ்சாமல் பகிரவும் நமக்கு வரமருள்வாராக. தேற்றரவு அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக.